அக்கரையில் நின்ற கடைசி ரீல்

அந்தப் படத்தை நான் பார்த்ததில்லை. அதன் பெயரைக்கூட எங்கள் ஊரில் யாரும் ஒரே மாதிரி சொல்வதில்லை. சிலருக்கு அது தீவுப் படம், சிலருக்குத் தோணிப் படம். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், எழுபத்திரண்டாம் வருஷப் புரட்டாசியில், மீரா உசேன் ராவுத்தரின் டூரிங் கொட்டகையில் நாலு நாள் ஓடியது. அதற்கு இரண்டு முடிவுகள் இருக்கின்றன என்று தெரிந்ததும்தான் நான் அதன் பின்னால் போனேன்.

ஏழு வருஷம் நாக்பூர், கல்கத்தா, பினாங்கு என்று வேலைக்காக அலைந்துவிட்டு அப்போதுதான் ஊர் திரும்பியிருந்தேன். நன்னிலத்திலிருந்து ஐந்து மைல் உள்ளே இருக்கும் ஊரில் பகல் பொழுது நகர்வதாக இல்லை. ஜன்னத் பீவி பெரியம்மா வீட்டிலேயே சேலை வியாபாரம் செய்தார். அவர் பிரித்துப் போடும் சேலைகளை மடித்து வைப்பதுதான் என் வேலை. ஒரு நாள் கீழத்தெருவிலிருந்து காத்தாயி வந்தாள். நடவுக்குப் பெண்களைச் சேர்த்துக் கூட்டிப்போகிறவள், கணீரென்ற குரல்.

"செவப்புல எடுங்கம்மா. தீவுப் படத்துல அக்கரையில கொடியில காயுமே, அந்தச் செவப்பு."

"எது? அந்த வாத்தியார் கொலைகாரனா வருவானே, அதுவா?" என்றார் பெரியம்மா. "அது கறுப்பு வெள்ளைப் படம் காத்தாயி. அதுல ஏது செவப்பு?"

"வாத்தியாரா கொலைகாரன்? நல்லா பார்த்தீங்க போங்க. எல்லாம் அந்த நாட்டாமை வேலை. செத்துப்போனதா சொன்ன ஏழு பேரும் அக்கரையில சோறாக்கிட்டு இருப்பாங்களே."

"அந்த ஏழு பேரையும்தான் வாத்தியார் தண்ணியில அமுக்கிட்டானே! பெஞ்சுல உட்கார்ந்து கண்ணு கொட்டாம பார்த்தவ நான். நீ எங்கே உட்கார்ந்து பார்த்தே?"

காத்தாயி ஒரு சிவப்புச் சேலையைத் தோளில் போட்டு அழகு பார்த்தாள். "நான் எங்கேம்மா பார்த்தேன்? கண்ணாத்தாதான் பார்த்தா" என்று சிரித்தாள்.

பார்க்காத படத்துக்காக இப்படிச் சண்டை போடுகிறாளே என்று பெரியம்மாவுக்கு ஆச்சரியம். எனக்கு அந்தச் சிரிப்புதான் உறுத்தியது. மறுநாள் காலையிலேயே கீழத்தெருவுக்குக் கிளம்பினேன். "வெயில்ல கறுத்துப் போய் நில்லு, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்து பார்க்கட்டும்" என்று பெரியம்மா பின்னாலிருந்து சத்தம் போட்டார்.

கண்ணாத்தாளுக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது இருக்கும். ஒடிசலான உடம்பு, பேசும்போது கை சும்மா இருக்காது. பொழுதெல்லாம் சேற்றில் விட்டெடுத்த விரல்களின் நுனி வெளுத்து, தோல் தடித்திருந்தது. ஓட்டு வீடு. கொல்லைப்பக்கம் சாய்ப்பு இறக்கிய ஒரு சின்ன அறையில் அவளுடைய நாத்தனார் மாரிக்கண்ணு இருந்தாள். கணவன் வீரையனின் அக்கா, பிள்ளை இல்லாத விதவை. நான் விஷயத்தைச் சொன்னதும் கண்ணாத்தாள் முதலில் கொல்லைப்பக்கம் எட்டிப் பார்த்தாள். பிறகுதான் உட்கார்ந்தாள்.

"அதை எதுக்குப் பாப்பா இப்ப கேக்கிறே?"

"ரெண்டு முடிவு இருக்குன்னாங்க. எது நிஜம்னு தெரியணும் அக்கா."

"ரெண்டையும் சொன்னவ நான்தான்" என்றாள்.

அன்றும் அதற்குப் பிறகு பல நாளும் அவள் சொன்னதை, நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

கீழத்தெருவில் அப்போது இருபத்திரண்டு குடிசைகள். எல்லாம் பண்ணை நிலத்தில். பெண்கள் எல்லோரும் படம் பார்க்கப் போக முடியாது. அடுப்பு, குழந்தை, விடிந்தால் நடவு. அதனால் தங்களுக்குள் ஒரு ஏற்பாடு வைத்திருந்தார்கள். புதுப்படம் வந்தால் ஆளுக்கு ஒரு கைப்பிடி நெல் போடுவார்கள். அந்த நெல்லைக் கடையில் கொடுத்து ஒரு தரை டிக்கெட்டுக்கு வழி செய்துகொண்டு, கண்ணாத்தாள் மட்டும் போய்ப் பார்த்து வருவாள். மறுநாள் வயலில் படத்தைச் சொல்வாள். சொல்லும் நாளில் அவள் நட வேண்டாம். அவள் பங்கை மற்றவர்கள் பகிர்ந்து நட்டுவிடுவார்கள். அவள் சேற்றில் அவர்களுக்கு எதிரே நின்று நாற்று முடியை எடுத்து வீசிக்கொண்டே கதை சொல்வாள். பெண்கள் நட்டபடி பின்னால் போகப் போக, கதையும் அவர்களோடு நகரும். பண்ணை வேலைகளை மேற்பார்க்கும் காரியக்காரர் சாமிதுரையின் குடை வரப்பில் தெரிந்தால் மாரிக்கண்ணு உடனே குலவை போடுவாள். கண்ணாத்தாள் குனிந்து நடுவாள். குடை மறைந்ததும் கதை விட்ட இடத்திலிருந்து தொடரும்.

"இன்டர்வல் எப்ப விடுவீங்க?" என்று கேட்டேன்.

"கஞ்சிக்குக் கரையேறுறப்பதான். அதுக்கு முன்னாடி கதாநாயகியைக் கிணத்துல தள்ளி நிறுத்திடுவேன். எவளுக்கும் கஞ்சி இறங்காது."

அந்தப் புரட்டாசியில் கீழத்தெருவில் வேறு ஒரு கவலையும் இருந்தது. குடிசை போட்டிருக்கிற மனை அதில் குடியிருப்பவருக்கே சொந்தம் என்று சர்க்கார் சட்டம் போட்டு ஒரு வருஷம் கடந்திருந்தது. விவசாயச் சங்கத்துக்காரர்கள் இருபத்திரண்டு குடிசைக்கும் மனு எழுதிக் கொடுத்திருந்தார்கள். வியாழக்கிழமை நன்னிலம் தாலுகா ஆபீசில் விசாரணை. வீட்டுக்கு ஒருவர் நேரில் போய், நாங்கள் இங்கேதான் இருக்கிறோம் என்று சொல்ல வேண்டும். போகாத வீட்டு மனு தள்ளுபடி. முந்தைய அறுவடைத் தகராறில் ஆண்கள் பலர்மேல் கேஸ் இருந்தது, போலீசுக்குப் பயந்து ஒதுங்கியிருந்தார்கள். வீரையனும் ஊரில் இல்லை. ஆகவே போக வேண்டியவர்கள் பெண்கள்தான்.

சாமிதுரை திங்கட்கிழமையே தெருமுனையில் நின்று சொல்லிவிட்டார். "வியாழக்கிழமை நன்னிலம் போறவ வெள்ளிக்கிழமை நம்ம வயல்ல இறங்க வேண்டாம். பண்ணையை விட்டா உங்களுக்கு யாரு இருக்கா? ரெண்டு குடும்பம் பட்டுக்கோட்டைப் பக்கம் தேங்காய்த் தோப்பு வேலைக்குன்னு போச்சே, ஒரு தகவல் உண்டா? உசுரோட இருக்காங்களான்னு யாருக்காவது தெரியுமா?"

அந்த இரண்டு குடும்பங்களில் ஒன்று கண்ணாத்தாளின் அக்கா குடும்பம்.

செவ்வாய்க்கிழமை புதுப்படம். பெண்கள் நெல் போட்டார்கள். முதல் ஆட்டத்துக்குக் கண்ணாத்தாள் போனாள்.

நாலுபக்கமும் தண்ணீர் சூழ்ந்த ஒரு தீவு. அறுபது வீடு. நாட்டாமை வைத்ததுதான் சட்டம். யாரும் ஆற்றைத் தாண்டக் கூடாது. அக்கரையில் ஒன்று இருக்கிறது, அது பேர் சொல்லிக் கூப்பிடும், போனவன் திரும்ப மாட்டான் என்கிறார் நாட்டாமை. அவர் பேச்சை மீறி ஏழு பேர் போகிறார்கள். ஏழு பேரின் துணியும் ஒவ்வொன்றாக இக்கரையில் வந்து ஒதுங்குகிறது. வெளியூரிலிருந்து ஒரு வாத்தியார் வந்து பள்ளிக்கூடம் வைக்கிறார். மெலிந்த ஆள். சட்டைப்பையில் எப்போதும் ஒரு பெரிய சாவி. எட்டாவதாக ஒரு பெண் தோணியில் ஏறுகிறாள். தோணி நடு ஆற்றைத் தாண்டுகிறது. அக்கரைப் புதரில் ஒரு கை தெரிகிறது.

அங்கே ரீல் முடிந்தது. கொட்டகையில் விளக்கைப் போட்டார்கள்.

அந்தப் படத்துக்கு ஒரே பிரதிதான். எட்டு மைல் தள்ளி இன்னொரு கொட்டகையில் ஓடி முடிய முடிய, ஒவ்வொரு ரீலாகக் கலந்தர் என்பவன் சைக்கிளில் கொண்டுவருவான். அன்று புத்தாற்றில் திடீரென்று தண்ணீர் ஏறிவிட்டது. மீரா உசேன் திரைக்கு முன்னால் வந்து நின்றார்.

"கடைசி ரீல் அக்கரையில நிக்குது. பாலத்து மேல தண்ணி போகுது. கலந்தர் பெட்டியோட அந்தப் பக்கம் நிக்கிறான். கொஞ்சம் பொறுமையா இருங்க."

"தாண்டக் கூடாதுன்னு நாட்டாமை சொல்லிட்டாரா பாய்?" என்று தரையிலிருந்து ஒரு குரல் வந்தது. கொட்டகை அதிர்ந்தது.

"கலந்தர் போட்டிருந்த கைலி இக்கரையில ஒதுங்குச்சா, பாருங்கய்யா!"

ஒரு மணி நேரம் ரீல் வரவில்லை. அந்த ஒரு மணி நேரத்தைச் சொல்லும்போதுதான் கண்ணாத்தாளின் கைகள் முழு வேகத்தில் ஆடின. யார் கொலைகாரன் என்று கொட்டகையே கட்சி பிரிந்துவிட்டது. பெஞ்சில் இருந்த மளிகைக் கடை ஜெக்கரியா, "பேய்தான். இவ்வளவு பயங்காட்டிட்டுப் பேய் இல்லைன்னா கொடுத்த காசுக்கு என்ன மரியாதை?" என்றார். சேரில் இருந்த பண்ணை வீட்டு உறவுக்காரர் ஒருவர், "நாட்டாமை பெரிய மனுஷன். அவர் சொன்னா காரணம் இருக்கும்" என்றார். "பெரிய மனுஷன் ஏன் தோணியில பூட்டுப் போட்டு வெச்சிருக்கான்?" என்று தரை திருப்பிக் கேட்டது.

அப்போது தடுப்பு ஓரத்தில் கூடையோடு உட்கார்ந்திருந்த கடலைக்காரி, யாரையும் பார்க்காமல், தனக்குத்தானே போலச் சொன்னாள். "செத்தும் போகல, ஒண்ணும் போகல. ஏழு பேரும் அக்கரையில எங்கயாவது கூலிக்குப் போயிருப்பாங்க. நல்லா சோறு கிடைச்சிருக்கும். இந்த ஆளு கொடுக்கிற கூலிக்கு எவன் திரும்பி வருவான்?"

தரை முழுக்கச் சிரித்தது. சேரில் யாரும் சிரிக்கவில்லை.

கடைசியில் மீரா உசேன், டிக்கெட் வைத்திருந்த எல்லோருக்கும் முத்திரை குத்திய துண்டுச் சீட்டு கொடுத்து, மறுநாள் வந்து கடைசி ரீலைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். கண்ணாத்தாள் சீட்டை முந்தானையில் முடிந்துகொண்டு வீட்டுக்கு வந்தாள். விடிந்தால் கதை சொல்ல வேண்டும்.

"பார்க்கலைன்னு சொல்லியிருக்கலாமே அக்கா?"

"நெல்லு வாங்கியாச்சு பாப்பா. என் பங்கை நட ஆரம்பிச்சுட்டாங்க. நடு ஆத்துல தோணி நிக்குது, இருபது பேரு நாத்தைக் கையில புடிச்சுக்கிட்டு என்னையே பார்க்கிறாங்க. 'அப்புறம்?'ங்கிறா காத்தாயி. என்ன சொல்லச் சொல்றே?"

அதனால் சொன்னாள். அந்தப் பெண் அக்கரையில் இறங்குகிறாள். புதரை விலக்கினால் ஒரு மேடு. மேட்டில் ஏழு அடுப்பு எரிகிறது. ஏழு பேரும் சோறாக்கிக்கொண்டிருக்கிறார்கள். கொடியில் ஒரு சிவப்புச் சேலை காய்கிறது. அவர்களுடைய பழைய துணிகளைத் திருடித் தண்ணீரில் விட்டவன் நாட்டாமையின் ஆள். அக்கரை மண்ணும் இக்கரை மண் மாதிரியே இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் அவர் வயலில் இறங்க ஆளிருக்காது.

"சிவப்புச் சேலை?"

"அது எங்க அக்காது. பட்டுக்கோட்டை போறப்ப கட்டிட்டுப் போனா. சொல்லிட்டு இருக்கிறப்பவே வாயில வந்துடுச்சு."

பெண்கள் மறுபடி குனிந்து நட்டார்கள். மாரிக்கண்ணு மட்டும், "எனக்கென்னமோ அந்த வாத்தியார் மேலதான் சந்தேகம். பையில எதுக்கு அவ்வளவு பெரிய சாவி?" என்றாள்.

"அது பள்ளிக்கூடச் சாவி அண்ணி" என்று கண்ணாத்தாள் மழுப்பினாள்.

காத்தாயி நிமிர்ந்து இடுப்பில் கை வைத்தாள். "நாளைக்கு நான் நன்னிலம் போறேன். யார் யார் வர்றீங்க?" அதுவரை ஆளுக்கொரு சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருத்தியாக வருகிறேன் என்றார்கள். மாரிக்கண்ணுவும் சொன்னாள்.

அன்று மாலை கண்ணாத்தாள் சீட்டைக் கொடுத்துக் கடைசி ரீலைப் பார்த்தாள்.

புதரில் தெரிந்த கை வாத்தியாருடையது. தீவுக் கோயில் நகைப் பெட்டியை அக்கரையில் புதைத்து வைத்திருக்கிறான். அந்தப் பெரிய சாவி அந்தப் பெட்டிக்கு. அந்தப் பக்கம் வந்த ஏழு பேரையும் தண்ணீரில் அமுக்கிக் கொன்றவன் அவன்தான். நாட்டாமைக்கு அக்கரையில் ஆபத்து இருப்பது தெரியும், ஆள் யார் என்று தெரியாது. அதனால்தான் தடுத்திருக்கிறார். ஊரே அவர் காலில் விழுகிறது. தோணியை உடைத்து அடுப்பெரிக்கிறார்கள். சேர்களில் கைதட்டல்.

வெளியே வரும்போது வாசலில் சாமிதுரை நின்றார். அவரும் சேரில் உட்கார்ந்து பார்த்திருந்தார். "நீதானே உங்க ஆளுங்களுக்குக் கதை சொல்றவ? நல்லா பார்த்தியா? பெரியவங்க பேச்சைக் கேக்கணும்னு எவ்வளவு அழகா எடுத்திருக்கான். இதை அப்படியே போய்ச் சொல்லு" என்றார்.

வீடு வரும்வரை கண்ணாத்தாள் கணக்குப் போட்டுக்கொண்டே நடந்தாள். வாயை மூடிக்கொண்டால் விடிந்ததும் எல்லோரும் கிளம்பிவிடுவார்கள். ஆனால் சாமிதுரை எப்படியும் சொல்லிவிடுவார். வழியில் நிறுத்தியே சொல்லலாம். 'பொய் சொல்லி உங்களை இழுத்துட்டுப் போறா' என்று அவர் வாயால் கேட்டால் பாதி வழியில் எல்லோரும் திரும்புவார்கள், அதன் பிறகு அவள் எதைச் சொன்னாலும் யார் நம்புவார்கள்? சொல்லிவிட்டாலோ, இப்போதே நின்றுவிடுவார்கள். எந்தப் பக்கம் போனாலும் மனை போய்விடும் போலிருந்தது.

வியாழக்கிழமை வெளிச்சம் வந்ததும் இருபத்திரண்டு வீட்டுப் பெண்களும் வேப்பமரத்தடியில் சோற்று மூட்டையோடு கூடினார்கள். கண்ணாத்தாள் அவர்களுக்கு எதிரே போய் நின்றாள்.

"நேத்து நான் சொன்ன முடிவு படத்துல இல்லை. நானா சொன்னது" என்று ஆரம்பித்து, வாத்தியார், சாவி, நகைப் பெட்டி, காலில் விழுந்தது, தோணியை உடைத்தது வரை ஒன்று விடாமல் சொன்னாள்.

காத்தாயிதான் முதலில் வாயைத் திறந்தாள். "அப்ப அந்த ஏழு பேரு?"

"செத்துட்டாங்க."

"யாரு கொன்னது? அந்த நோஞ்சான் வாத்தியாரா? ஏழு பேரையுமா?"

"ஆமா."

"ஏண்டி, அதுல ஒருத்தன் நெல்லு மூட்டையை ஒத்தைத் தோள்ல தூக்குறவன்னு நீதானே சொன்னே? அவனை இந்தக் குச்சி தண்ணியில அமுக்கிச்சாக்கும்?"

ஒருத்தி சிரித்தாள். இன்னொருத்தி, "அமுக்கிற வரைக்கும் அவன் சும்மா குனிஞ்சு காட்டினானா?" என்றாள். "ஏழு பொணமும் எங்கே போச்சு? துணி மட்டும் ஒதுங்குது, ஆளு ஒதுங்கலியா? ஆத்தங்கரையில பொறந்தவன் எடுத்த படமா அது?" என்றாள் மூன்றாமவள். "வாத்தியாருக்கு எப்படிடி கோயில் நகை கிடைச்சுது? கோயில் சாவி நாட்டாமைகிட்டல்ல இருக்கும்!" அந்தக் கேள்வி வந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். படத்தைப் பார்க்காத இருபத்தோரு பேர், பார்த்த ஒருத்தியை நடுவில் நிறுத்தி, அந்தப் படத்தைத் துவைத்துப் பிழிந்தார்கள்.

காத்தாயி தீர்ப்புச் சொன்னாள். "எடுத்தவனுக்கு முடிவு தெரியல. உன் முடிவுதான் சரி. ஆனா எங்க நெல்லை வாங்கிட்டு, பார்க்காததைப் பார்த்ததா சொன்னே பாரு, அது தப்பு. இந்தப் போகம் பூரா உன் பங்கை நீயே நடு. இப்ப நட, நேரமாச்சு."

நடந்தார்கள். ஆனால் எல்லோரும் இல்லை. இரண்டு பேர் மூட்டையை எடுத்துக்கொண்டு தெருவுக்குள் திரும்பிவிட்டார்கள். ஒருத்தி மாரிக்கண்ணு. "என்ன இருந்தாலும் படத்துலயே அப்படித்தான் காட்டியிருக்கான். எனக்குப் பயமா இருக்கு, நீ போய்ட்டு வா" என்றாள்.

கண்ணாத்தாள் அவள் கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். வரவில்லை.

வெள்ளிக்கிழமை சாமிதுரை, சொன்னபடியே, போய் வந்த இருபது பேரையும் வயலில் இறங்கவிடவில்லை. நாற்றங்காலில் நாற்று முற்ற ஆரம்பித்ததும் ஐந்தாம் நாள் அவரே ஆள் அனுப்பினார். அந்தப் போகம் முழுக்கக் கண்ணாத்தாள் வாய் திறக்காமல் தன் பங்கைத் தானே நட்டாள். தைக்குப் பிறகு இன்னொரு புதுப்படம் வந்தபோது காத்தாயிதான் முதல் கைப்பிடி நெல்லைக் கொண்டுவந்து வைத்தாள். இருபது வீட்டுக்கும் காகிதம் வர ஒன்றரை வருஷம் ஆனது. வராத இரண்டு குடிசைகளில் மாரிக்கண்ணுவுடையதை அதற்கடுத்த வருஷம் பண்ணை பிரித்துப் போட்டது. இப்போது அந்த இடம் நெல் அடிக்கும் களம். அன்றிலிருந்து அவள் தம்பி வீட்டுக் கொல்லையில் இருக்கிறாள்.

"அன்னைக்கு நான் சொல்லாம இருந்திருந்தா அண்ணியும் வந்திருக்கும்" என்றாள் கண்ணாத்தாள், குரலைத் தாழ்த்தி. "சொல்லாம இருந்து, வழியில அந்த ஆளு சொல்லியிருந்தா இருபது பேரும் திரும்பியிருப்பாங்க. ரெண்டையும் மாத்தி மாத்தி நினைச்சுப் பார்க்கிறேன். இன்னும் விளங்கலை."

"பட்டுக்கோட்டை போன உங்க அக்கா?"

"போன தையிலதான் வந்துட்டுப் போனா. ரெண்டு தென்னம்பிள்ளை கொண்டாந்து வெச்சா, அதோ." கொல்லையைக் காட்டினாள். முழங்கால் உயரத்தில் இரண்டு கன்றுகள் நின்றன. அவற்றுக்கு மாரிக்கண்ணு தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

நாங்கள் பேசியது அவள் காதில் விழுந்திருக்க வேண்டும். குடத்தைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"தீவுப் படமா பாப்பா? அந்தச் சாவி மேல எனக்கு அன்னைக்கே சந்தேகம். இத்தனை பேர்ல நான் ஒருத்திதான் சரியா சொன்னேன். வேணும்னா இவளையே கேளு."

கண்ணாத்தாள் எழுந்து போய் அவள் காலடியிலிருந்த குடத்தை எடுத்துக்கொண்டாள்.

"ஆமா அண்ணி" என்றாள். "நீங்கதான் சரியா சொன்னீங்க."